காது வெட்டிய கிடாய்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள். தாராவியில் மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் கயிறுதான். பேனாவைப் பிடித்தால் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்பதிலும் எனக்குத் திடம் கிடையாது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் சந்தில் எதிரே ஆள் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் சுவரோரம் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஒதுங்குகிற ஆள் எப்போதும் நானாகத்தான் இருப்பேன். அப்படிப்பட்டவனுடைய வாசலில் இப்போது ஆட்கள் வந்து நிற்கிறார்கள். யார் வீட்டிலாவது நாயோ பூனையோ காணாமல் போனால் என்னைத் தேடி வருகிறார்கள்.

"அண்ணாச்சி, நீங்கதான தேவனார் சந்தையில அத்தன ஆட்டுக்குள்ள உங்க கெடாயக் கண்டுபிடிச்சது? எங்க பூனையக் காணோம். ஒரு வழி சொல்லுங்க."

நானும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறேன். அதன் இனம் எங்கே கூடுமோ அங்கே முதலில் போய்ப் பாருங்கள். வீட்டில் அதற்குத் தீனி வைக்கிற நேரத்தில் போங்கள். தீனி வைக்கிற ஆளையே கூட்டிக்கொண்டு போங்கள், மற்றவர் போனால் ஒளிந்துகொள்ளும். கண்ணில் பட்டதும் ஓடிப் பிடிக்காதீர்கள், உட்கார்ந்துவிடுங்கள், அதுவே வரும். இதெல்லாம் உண்மைதான். கேட்டுப் போனவர்களில் சிலருக்குக் கிடைத்தும் இருக்கிறது. திரும்பி வந்து, "உங்க வாய் முகூர்த்தம்" என்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. எங்கள் கிடாயை நான் கண்டுபிடித்த கதை அவர்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

தோல் பை செய்கிற பட்டறை ஒன்றில் பார்சல் கட்டுவது என் வேலை. தைத்து முடிந்த பைகளைக் கோணிக்குள் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, லாரிக்கு அனுப்ப வேண்டும். நான் கட்டிய கட்டு வழியில் அவிழ்ந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. போய்ச் சேர்ந்த ஊரில் கத்தியால் அறுத்துத்தான் எடுப்பார்களாம். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படுகிறது, அதனால் சொல்கிறேன்.

என் மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு டாக்டர் வெளியே வந்து என்னிடம் இந்தியில் என்னவோ சொன்னார். பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். அவர் போய்விட்டார். அவர் சொன்னது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நடைபாதையில் நின்றபோது, கை தன்னாலே கும்பிட்டது. "இவளை எனக்குத் திருப்பிக் கொடு, உனக்கு ஒரு கிடாய் தருகிறேன்" என்று எங்கள் சாமிக்கு வேண்டிக்கொண்டேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் தாராவியிலும் அந்தச் சாமிக்கு ஒரு சின்னக் கோயில் கட்டி, வருடா வருடம் ஆடியில் கொடைத் திருவிழா நடத்துகிறார்கள்.

அவள் பிழைத்தாள். டாக்டர் சொன்னது "பயப்பட ஒன்றுமில்லை" என்பதாம். பிறகு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். கல்யாண் பக்கம் ஆடு வளர்க்கிற ஒருவரிடம் பால் மறந்த கிடாய்க்குட்டி ஒன்றை வாங்கி வந்தேன். கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. சாமிக்கு விட்டது என்று அடையாளம் தெரிய காதில் வெட்டுவது எங்கள் வழக்கம். என் மனைவியின் அண்ணன்தான் கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். அவரே வந்து வெட்டினார். கொஞ்சம் பெரிதாகவே வெட்டிவிட்டார், வலது காதில் பாதி போய்விட்டது.

"என்ன மச்சான் இது, அடையாளம் போடச் சொன்னா காதையே எடுத்துட்டிய" என்றேன்.

"சாமிக்குத் தூரத்துலேந்து தெரியணும்லா மாப்ள" என்று சிரித்தார்.

அதற்குப் பேர் வைக்கக் கூடாது என்று நான் வீட்டில் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். ஒரே அறை, மேலே ஒரு பரண், கீழே நாங்கள் இரண்டு பேர். அதற்குள் ஒரு பெயரும் வந்து உட்கார்ந்தால் பிறகு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவளும் பேர் வைக்கவில்லை. பேர் இல்லாமலே நாள் முழுவதும் அதனிடம் பேசினாள். அது கட்டிலுக்கு அடியில் படுத்து, அவள் குடித்து மிச்சம் வைத்த டீயைக் குடித்தது. பரணுக்குப் போகிற இரும்பு ஏணியில் ஏறப் பழகிக்கொண்டு, ஏறிய பிறகு இறங்கத் தெரியாமல் கத்தும். பக்கத்து வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வரும்போது அதற்கென்று முருங்கைக் கீரை வாங்கி வருவார்.

ஆஸ்பத்திரியில் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் மாட்டேன் என்றாள். "சோலி இல்லாம ரோட்டுல நடந்தா பாக்குறவுக என்ன நினைப்பாக?" என்பாள். கிடாய் வந்த பிறகு நடக்க ஒரு காரணம் கிடைத்தது. சாயங்காலம் கயிற்றைக் கையில் பிடித்து, "நடக்கப் போவமா?" என்பாள். அது கதவுக்கு முன்னால் போய் நிற்கும். ரயில் பாலம் தாண்டி மாட்டுங்கா மார்க்கெட் வரை போவார்கள். அங்கே முட்டைக்கோஸ் இலையும் வாழைப்பழத் தோலும் குவிந்து கிடக்கும். பூக்கடைக்காரர்கள் விற்காமல் வாடிய மாலையை அதன் கழுத்தில் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அது கழுத்தை வளைத்து வளைத்து மாலையைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வரும். மழைக்காலம் போய், குளிர்காலம் போய், வெயில் வந்தபோது அவள் உடம்பு தேறியிருந்தது. அவளுக்காக நான் சாமிக்குக் கொடுக்கப் போகிற கிடாய்தான் அவளை நடக்க வைத்தது. இது எனக்குப் புரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி நெருங்க நெருங்க அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சாயங்காலம் போய் வர நேரம் கூடியது. ஒரு நாள் அதன் நெற்றியில் நெற்றி வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததும் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் காலையில் நான் அதை வாசல் கம்பியில் கட்டினேன். எப்போதும் போடுகிற முடிச்சைப் போடவில்லை. ஒரு இழுப்பில் உருவிக்கொள்கிற முடிச்சாகப் போட்டேன். அப்போது பக்ரீத் வந்துகொண்டிருந்தது. பெரிய ரோட்டு முனையில் டெம்போவில் ஆடுகளைக் கொண்டுவந்து இறக்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்கள் சந்து வரை கேட்டது. கிடாய் காதை நிமிர்த்திக் கேட்டது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன். அது தானாகப் போய்விட்டால் சாமியும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது, அவளும் அதன் கழுத்து வெட்டுப்படுவதைப் பார்க்க வேண்டியிருக்காது என்று நினைத்தேன். அப்போது அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது.

மதியம் போன் வந்தது. "கெடாயக் காணோம். உடனே வாருங்க" என்றாள்.

வந்தேன். சந்தே கூடியிருந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள்.

"கெடா எங்கடே போகும்? பிரியாணிக்குத்தான் போயிருக்கும்."

"ச்சீ, வாயக் கழுவுலே. அந்தப் பொம்பள மூஞ்சியப் பாரு."

"இவரு கட்டுன கட்டு எப்படிவே அவுந்துச்சு? லாரியே கவுந்தாலும் அவுறாதே இவரு கட்டு."

நான் குனிந்து அந்தக் கம்பியைப் பார்க்கிற மாதிரி நின்றேன். "கயிறு பழசு" என்றேன். அதுதான் நான் சொன்ன முதல் பொய்.

டீக்கடைக்காரர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "அண்ணாச்சி, ரோட்டு முனையில ஆடு வித்தாங்கல்ல, விக்காததத் திரும்பி தேவனாருக்கு ஏத்திட்டுப் போனாங்க. அதுல காது இல்லாத கறுப்பு ஒண்ணு நின்ன மாதிரி இருந்துச்சு. கூட்டத்தோட அதுவும் ஏறிருச்சோ என்னவோ." நான் தலையாட்டினேன். வீட்டில் சொல்லவில்லை. தேடப் போகிறேன் என்று கிளம்பி, தேவனாருக்கு நேர் எதிர்ப் பக்கம் மாஹிம் வரை நடந்தேன். மறுநாள் சுனாபட்டி ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முகத்தைக் களைப்பாக வைத்துக்கொண்டேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "எவ்வளவு தூரந்தான் அலைவிய" என்றாள்.

நாலைந்து நாளில் மறந்துவிடுவாள் என்று இருந்தேன். அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். சாயங்காலம் வெளியே இறங்குவதை நிறுத்தினாள். ஆபரேஷன் செய்த இடத்தில் கை வைத்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி ஒண்ணும் இல்ல. கொடுத்தத சாமி ஏத்துக்கலயோன்னு இருக்கு."

"எதுக்கு அப்படிச் சொல்லுத?"

"என் உசுருக்குப் பதிலாத்தான கெடா சொன்னிய? கெடாயக் காணோம்னா, என்ன அர்த்தம்? சாமி கணக்க மாத்திருச்சுன்னு அர்த்தம். என்னத்தான் கூப்பிடும்."

அவள் அழவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். மகளுக்குப் போன் செய்து, தன் இரண்டு பட்டுச் சேலைகளும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று சொல்லியிருக்கிறாள். மகள் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினாள்.

அவளுக்கு வேதனை வேண்டாம் என்றுதான் இளக்கமாகக் கட்டினேன். அவள் அதைத் தன் சாவுக்கு வந்த சேதியாக எடுத்துக்கொண்டாள். எங்கள் ஆட்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்பதும் எனக்குத் தெரியாததில்லை. அந்தக் காலையில் அதை யோசிக்கவில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். "சாமி ஒன்றும் செய்யவில்லை, நான்தான் இளக்கமாகக் கட்டினேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் பயம் அந்த நிமிடமே போயிருக்கும். திட்டியிருப்பாள், அவ்வளவுதான். எனக்கு வாய் வரவில்லை. அந்த ஒரு வரியைச் சொல்வதற்குப் பதிலாக, "தேவனார் சந்தையில இருக்கலாம்னு டீக்கடைக்காரர் சொல்லுதாரு" என்றேன். அன்றைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி சொன்னேன்.

அவள் எழுந்து தலையை முடிந்துகொண்டாள். "வாருங்க, போவோம்."

"நீ இரு. நான் போய்ப் பாக்குதேன்."

"உங்களுக்குக் கூப்பிடத் தெரியுமா? நான் வந்தாத்தான் அது திரும்பிப் பாக்கும்."

செம்பூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து டிராம்பே போகிற பஸ்ஸில் பாதி வழி. அன்றைக்குத்தான் முதல் மழை இறங்கியிருந்தது. சந்தை முழுவதும் சேறு. கண்ணுக்கெட்டிய தூரம் நீலத் தார்ப்பாய்கள், அவற்றுக்கு அடியில் ஆடுகள். வெள்ளை, சிவப்பு, புள்ளி, தாடி வைத்தது, காது முழங்கால் வரை தொங்குவது. வாங்க வந்தவர்கள் குடும்பத்தோடு வந்து, பல்லைப் பிடித்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். கறுப்பு ஆடு மட்டுமே எத்தனையோ இருந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இதில் எங்கே கிடைக்கப் போகிறது? தேடினோம் என்று ஆகிவிடும், அவள் மனமும் ஆறும் என்று நினைத்தேன்.

கூப்பிட வேண்டும். பேர் வைக்காதே என்று சொன்னவன் நான். எதைச் சொல்லிக் கூப்பிடுவது? நான் நாக்கை மடித்து, பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத மாதிரி ஒரு சத்தம் போட்டேன். ஒரு வியாபாரி என்னை வேறு மாதிரிப் பார்த்தார். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு தார்ப்பாய்க்கு முன்னாலும் நின்று, மாட்டுங்கா போகிற நேரத்தில் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டாள்.

"நடக்கப் போவமா?"

சிலர் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த தார்ப்பாய். "நடக்கப் போவமா?" அதற்கடுத்தது. பாதிச் சந்தையைத் தாண்டி, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஆடுகளுக்கு நடுவில் ஒன்று முன்கால் இரண்டையும் தூக்கி மற்றொன்றின் முதுகில் வைத்து எட்டிப் பார்த்தது. வலது காதில் பாதி இல்லை.

அது கத்திய சத்தத்தை எனக்கு எழுதத் தெரியாது. அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வியாபாரி ராஜஸ்தான் பக்கத்துக்காரர், வயதானவர். நாங்கள் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்று நினைத்தோ என்னவோ, அவராகவே கையை விரித்தார்.

"பாபி, யே ஆப்கா ஹை? லே ஜாவ், லே ஜாவ்" என்றார், அண்ணி, இது உங்களுடையதா, கொண்டுபோங்கள் என்று. பிறகு அவர் நிறுத்தி நிறுத்தி இந்தியில் சொன்னது எனக்குப் புரிந்தது. டெம்போவில் ஏற்றும்போது கவனிக்கவில்லையாம், இறக்கும்போதுதான் அது தன்னுடையது இல்லை என்று தெரிந்ததாம். தாராவியில் யாரைப் போய்க் கேட்பது என்று தீனி போட்டு வைத்திருந்தாராம். நல்ல கிடாய் என்று பார்த்தவர்கள் ஆசையாக விலை கேட்டார்களாம். தன்னுடையது இல்லை என்று அவர் சொல்வதற்குள், காதைப் பார்த்ததும் அவர்களே விட்டுவிட்டார்களாம்.

"குர்பானி கொடுக்கிற ஆட்டுக்கு உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது. காது இப்படி வெட்டியிருந்தால் எங்கள் ஆட்கள் யாரும் வாங்க மாட்டார்கள்" என்று சொல்லி, அந்தப் பாதிக் காதைத் தடவிக் கொடுத்தார். "இந்தக் காதுதான் இதைக் காப்பாற்றியது. இனி நூறு வயது இருக்கட்டும்."

என் மனைவி அவரைக் கும்பிட்டாள். நான் கும்பிடவில்லை. என் கை எழவில்லை.

பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். தாராவிக்குப் பக்கத்தில் சயான் வரை வர ஒரு ஆட்டோக்காரர் ஒப்புக்கொண்டார். "ஆட்டுக்கு ஆஃப் டிக்கெட்டா, ஃபுல் டிக்கெட்டா?" என்று கேட்டு அவரே சிரித்துக்கொண்டார். ஈர ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் வந்தாள். எத்தனை நாளைக்குப் பிறகோ அவள் முகத்தில் ரத்தம் ஓடியதைப் பார்த்தேன்.

"சாமி கோவப்படல. என்ன விட்டுருச்சு" என்றாள். "உங்களாலதான் கெடச்சுது. நீங்க விசாரிச்சுச் சொல்லலேன்னா நான் வந்திருப்பேனா?"

அப்போதும் சொல்லவில்லை.

சந்தில் எங்களை வரவேற்றதைச் சொல்ல வேண்டாம். யாரோ கிடாய்க்குப் பொட்டு வைத்தார்கள். மச்சான் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "வாய்தான் இல்ல உனக்கு. ஆனா ஆளு கெட்டிக்காரன் மாப்ள." அன்றையிலிருந்துதான் நான் கண்டுபிடிக்கிறவன் ஆனேன்.

கொடைக்கு முந்தின வாரம் அவள் தன் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"அண்ணே, இதுக்குப் பதிலா வேற கெடா ஒண்ணு வாங்கிக் குடுத்தா ஆகாதா?"

"தொலஞ்சு போவாம இருந்திருந்தா யோசிச்சிருக்கலாம் தாயி. அத்தன ஆட்டுக்குள்ள போயும் ஒருத்தன் கண்ணுக்கும் ஆகாம திரும்பி வந்திருக்கு. எனக்கு இதுதான் வேணும்னு சாமி இதுக்கு மேல எப்படிச் சொல்லும்?"

அவள் சரி என்றாள். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னார். அவருக்குத் தெரியாதது என்னிடம் இருந்தது.

மதியக் கொடைக்குத்தான் கிடாய். கோயில் முன்னால் கொட்டும் மேளமும் உச்சத்தில் இருந்தன. கிடாய்க்கு மாலை போட்டிருந்தார்கள். அது வழக்கப்படி கழுத்தை வளைத்துப் பூவைத் தின்றது. எங்கள் முறையில், மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றினால் கிடாய் உடம்பை உதற வேண்டும். உதறினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். உதறாத கிடாயை வெட்ட மாட்டார்கள்.

ஊற்றினார்கள். அது உதறவில்லை. பூவைத் தின்றுகொண்டே நின்றது. மறுபடி ஊற்றினார்கள். மேளத்தை நிறுத்தினார்கள். மச்சான் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுல ஏதும் குத்தம் குறை இருந்தா சாமி முன்னால சொல்லிருங்க. மனசுல வச்சுக்கிடாதிய."

எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சொன்னால் என்ன ஆகும்? குற்றம் தீர்ந்தது என்று கிடாய் உதறிவிடுமா? சொல்லாவிட்டால் உதறாமலே நின்று பிழைத்துக்கொள்ளுமா? அதற்காகத்தான் வாய் திறக்கவில்லை என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது உண்மையில்லை. அத்தனை பேர் பார்க்கும்போது எனக்குப் பேச வராது, அதுதான் உண்மை.

அவள் முன்னால் போனாள். சாமிக்கு எதிரே தரையில் விழுந்தாள்.

"குத்தம் என் மேலதான் சாமி. உனக்குன்னு விட்டத நான் எம்புள்ள மாதிரி வச்சுக்கிட்டேன். குடுக்க மனசில்லாம இருந்தேன். அதுக்குத்தான் நீ அதத் தொலச்சுக் காட்டுன. என்ன மன்னிச்சிரு. எடுத்துக்கோ."

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கை நீட்டினால் தொடுகிற தூரம்.

மூன்றாம் முறை தண்ணீர் ஊற்றினார்கள். தலையில் ஊற்றினார்கள். தண்ணீர் காதுக்குள் போயிருக்கும். காதுக்குள் தண்ணீர் போனால் எந்த ஆடும் உதறத்தான் செய்யும். தலையிலிருந்து வால் வரை உதறியது. குலவைச் சத்தம் எழுந்தது.

அவள் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அவள்தான் குழம்பு வைத்தாள், பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அதன் பிறகு சந்துப் பெண்கள் ஒரு பேச்சை எடுத்தார்கள். கெட்டதாக இல்லை, சும்மா பேச்சுவாக்கில். "சாமிக்கு விட்டதுல ஆச வைக்கலாமா? அதான் அந்தப் பாடு பட்டா" என்பார்கள். அவளும் அதை ஒப்புக்கொண்டாள். யாராவது கோழிக்குஞ்சோ பூனைக்குட்டியோ கொண்டுவந்து காட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நான் தொடல. என் ஆச ஆகாது" என்றாள். பக்கத்து வீட்டு அம்மாவின் பேரக்குழந்தையைக்கூட அவள் தூக்காமல் இருந்ததை ஒரு நாள் பார்த்தேன். குழந்தை கையை நீட்டியது. இவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அன்றைக்குச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கதவுப் பக்கம் திரும்பி நின்று, கதவிடம் சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சை, மாஹிமை, சுனாபட்டி பெஞ்சை, டீக்கடைக்காரர் எப்போது சொன்னார் என்பதை.

கல் பொறுக்குகிற சத்தம் நின்றது. முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"தேவனார் பஸ்ஸுல ஏறும்போதே உங்களுக்குத் தெரியும்?"

"ம்."

"அன்னைக்குச் சொல்லிருந்தா நான் பஸ்ஸே ஏறிருக்க மாட்டேனே. அந்தப் பாய் அதுக்குத் தீனி போட்டுட்டுத்தான இருந்தாரு. பொழச்சிருக்குமே."

நான் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அது போவட்டும். கோயில்ல நான் விழுந்தேனே. எம்மேலதான் குத்தம்னு ஊர் கேக்கச் சொன்னேனே. நீங்க பக்கத்துலதான நின்னிய?"

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டேன்.

அவள் கத்தவில்லை. பிறகு சோறு வைத்தாள், எனக்கும் போட்டாள். தேவையானதை மட்டும் பேசுகிறாள். ஒரு வாரம் கழித்து, சந்தில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து குடத்தை இறக்கி வைத்துச் சொன்னாள். "எனக்குச் சொன்னது போதாது. நான் எல்லார் முன்னாலயும் குத்தத்த ஏத்துக்கிட்டேன். அண்ணனுக்கும் இந்தச் சந்துல உள்ளவுகளுக்கும் நீங்க சொல்லணும்."

"எனக்குப் பேச வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

"பேச வராட்டி எழுதுங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். உங்க எழுத்து எப்படி இருந்தாலும் கூட்டி வாசிச்சிருவேன். ஒரு இடத்தையும் விடாம எழுதுங்க. முக்கியமா, நீங்க பக்கத்துல நின்னத."

எழுத உட்கார்ந்து, கிழித்துப் போட்டு, மறுபடி உட்கார்ந்து, இத்தனை நாள் ஆகிவிட்டது. இன்றைக்கு மச்சானை வரச் சொல்லியிருக்கிறாள். பக்கத்து வீட்டு அம்மாவையும், தண்ணீர்க் குழாயடியில் பேசுகிற பெண்களையும் கூப்பிட்டிருக்கிறாள். பாய் விரித்தாகிவிட்டது. அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முடித்தாயிற்றா என்று வாசலிலிருந்து கேட்கிறாள். அவள் வாசிக்கும்போது இந்த முறை நான் வெளியே போகப் போவதில்லை.

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம்.